காட்டு ஆர்க்கிட்களின் வேறுபாடு: தேர்வா, தற்செயலா, சூழலா?

போர்த்தோ ரிக்கோ தீவின் குறுங்காடுகளில் டொலும்னியா வேரியகேட்டா என்னும் சிறிய ஆர்க்கிட் புதர்க்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. வெளிறிய மலரில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்டது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளில்கூட உதட்டிதழின் அகலமோ புள்ளிகளின் அடர்த்தியோ ஒன்றாக இருப்பது அரிது. 1991இல் இந்த மலரை அளந்து ஆராய்ந்த ஜேம்ஸ் அக்கர்மேனும் கலார்சா-பெரெசும் இவ்வேறுபாட்டை 'அசாதாரணமானது' என்று ஆய்வின் தலைப்பிலேயே குறித்தார்கள்.

ஒரே சிற்றினத்துக்குள் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அது எதைக் காட்டுகிறது? பூச்சிகள் தேர்ந்தெடுத்ததன் விளைவா, சிறு கூட்டங்களில் நேரும் தற்செயலா, வெளிச்சமும் ஈரமும் செய்யும் வேலையா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் எதுவும் முழுமையாகத் தோற்றுவிடவில்லை. எதுவும் தனித்து வென்றுவிடவும் இல்லை.

விவாதம் இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம், வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகப் பேசப்பட்டதுதான். ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து தம்முள் கலக்கும் செடிகளின் தொகுதியை இனக்கூட்டம் என்கிறோம். ஓர் இனக்கூட்டத்துக்குள் செடிக்குச் செடி காணும் வேறுபாடு ஒன்று. இரண்டு இனக்கூட்டங்களுக்கு இடையே காணும் வேறுபாடு மற்றொன்று. இவ்விரண்டையும் புறத்தோற்றத்தில் அளக்கலாம், மரபணுவிலும் அளக்கலாம். ஓர் அளவையில் கிடைத்த முடிவை இன்னோர் அளவைக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஏழு பங்கு, மரங்களின்மீது வாழும் தொற்றுத்தாவரங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. ஆனால் இனக்கூட்ட மரபியல் ஆய்வுகளில் பெரும்பங்கு, ஐரோப்பா போன்ற மிதவெப்ப நாடுகளின் தரைவாழ் ஆர்க்கிட்களைப் பற்றியது. வெப்பமண்டலத்தைப் பற்றிச் சொல்லப்படும் பொதுவிதிகளை இந்தச் சாய்வை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

தோற்றமே அடையாளமாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெப்பமண்டல ஆர்க்கிட்கள் கப்பல் கப்பலாக ஐரோப்பா சென்றன. உலர்ந்த மாதிரிகளையும் கண்ணாடி வீடுகளில் பூத்த ஒன்றிரண்டு செடிகளையும் வைத்தே ஜான் லிண்ட்லி போன்ற அறிஞர்கள் பெயரிட வேண்டியிருந்தது. மலரில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அது புதிய சிற்றினமாகவோ புதிய வகையாகவோ பதிவாயிற்று. நிறம் மாறிய செடிக்கு அதிக விலை கொடுத்த வணிகமும் இதை ஊக்குவித்தது. வேறுபாடு வகைப்பாட்டுச் சிக்கலாகத்தான் பார்க்கப்பட்டது. அதற்கு விளக்கம் தேட வேண்டும் என்ற எண்ணம் பிறகே வந்தது.

இந்த அணுகுமுறையின் பலவீனத்தை வெளிப்படுத்தியது காட்டசெட்டம் என்னும் அமெரிக்க வெப்பமண்டலப் பேரினம். காட்டசெட்டம், மோனகாந்தஸ், மயாந்தஸ் என மூன்று தனிப் பேரினங்களாகக் கருதப்பட்ட மலர்கள் ஒரே செடியில் பூத்திருப்பதை 1836இல் ராபர்ட் ஷோம்பர்க் கயானாவின் டெமராரா பகுதியில் கண்டார். 1862இல் சார்லஸ் டார்வின் இவை ஒரே தாவரத்தின் பால்வடிவங்கள் என்று லண்டன் லின்னேயன் கழகத்தில் விளக்கினார். பெண் மலர்கள் பல சிற்றினங்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் டார்வினின் கணக்கிலும் சில குழப்பங்கள் புகுந்தன. அவற்றை 1891இல் ராபர்ட் ஆலன் ரோல்ஃப் சரிசெய்தார்.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. காட்டசெட்டம் செடி ஆண் மலர் தருமா, பெண் மலர் தருமா என்பதில் வெளிச்சத்துக்கும் செடியின் வளத்துக்கும் பெரும் பங்குண்டு. நல்ல வெயிலில் கொழுத்து வளர்ந்த செடிகளே பெண் மலர்களை அதிகம் தருகின்றன. பேரினங்களையே பிரிக்கப் போதும் என்று தோன்றிய உருவ வேறுபாடு, ஒரே மரபணுத் தொகுப்பு சூழலுக்கேற்ப வெளிப்படும் இரண்டு முகங்களாக இருக்கக்கூடும் என்பது இதனால் உறுதிப்பட்டது. புறத்தோற்ற வேறுபாட்டை மட்டும் வைத்து மரபு வேறுபாட்டை ஊகிக்க முனைவோருக்கு இது இன்றும் ஒரு முன்னெச்சரிக்கை.

முதல் விடை: பூச்சிகளின் தேர்வு

டார்வின் 1862இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலே முதல் பெரிய விளக்கத்தின் ஊற்று. மலரின் ஒவ்வொரு பாகமும் அதை நாடும் பூச்சியின் உடலுக்கேற்ப இயற்கைத் தேர்வால் வடிவமைந்தது என்பது அவர் வாதம். மடகாஸ்கரின் ஆங்க்ரேக்கம் செஸ்குவிபெடாலே மலரின் தேன்குழல் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ளது. அதே நீளத்துக்கு உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். அப்பூச்சி 1903இல் விவரிக்கப்பட்டது. அது அம்மலரை நாடுவதை நேரில் பதிவுசெய்ய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

1970இல் லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் இக்கருத்தை இனக்கூட்ட அளவுக்குக் கொண்டுவந்தார். ஓரிடத்தில் எந்தப் பூச்சி அடிக்கடி வந்து திறம்பட மகரந்தத்தைச் சேர்க்கிறதோ, அதற்கேற்ப அங்குள்ள மலர் மாறும் என்றார். இடத்துக்கு இடம் பூச்சி மாறினால் மலரும் மாறும்; இனக்கூட்டங்கள் பிரியும். அமெரிக்க வெப்பமண்டலத்தில் காலவே டாட்சன், ராபர்ட் டிரெஸ்லர் ஆகியோர் யூக்ளோசைன் தேனீக்களைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இதற்கு வலுச்சேர்த்தன. இத்தேனீக்களின் ஆண்கள் ஆர்க்கிட் மலர்களுக்கு வருவது தேனுக்காக அல்ல, மணப்பொருளைத் திரட்டத்தான். மணக்கலவை சற்று மாறினால் வரும் தேனீயே மாறக்கூடும். மணத்தில் உண்டாகும் சிறு மாற்றம் இனக்கூட்டங்களைப் பிரிக்கும் வழியாகலாம் என்பது இதன் உட்பொருள்.

இந்த விளக்கத்தின் வலிமை கண்ணால் காணும் பொருத்தம். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தேர்வு நடந்து முடிந்த நிலையைப் பார்த்துத் தேர்வு நடந்தது என்று சொல்வது எளிது. இன்று காட்டில் அது நடந்துகொண்டிருக்கிறது என்று அளந்து காட்டுவது கடினம். தேன்குழலின் நீளத்தைச் செயற்கையாகக் குறைத்துக் காய்ப்பில் நேரும் இழப்பை அளந்த சோதனைகள் பெரும்பாலும் வெப்பமண்டலத்துக்கு வெளியே செய்யப்பட்டவை. மேலும் வலுவான தேர்வு ஒரு பண்பை ஓர் அளவுக்குள் நிறுத்திவிட வேண்டும். டொலும்னியாவின் ஒரே புதர்க்காட்டுக்குள் காணும் பரந்த வேறுபாட்டை அந்த எதிர்பார்ப்பு விளக்குவதில்லை.

இரண்டாம் விடை: ஏமாற்றும் மலர்களின் பலமுகம்

ஆர்க்கிட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூச்சிகளுக்கு எந்தக் கைம்மாறும் தருவதில்லை. தேன் இருப்பதுபோல் காட்டியோ பெண்பூச்சிபோல் தோன்றியோ அவற்றை வரவழைக்கின்றன. டொலும்னியா வேரியகேட்டாவும் அப்படிப்பட்டதே; எண்ணெய் தரும் வேறு மலர்களை நாடும் தேனீக்கள் அதற்கு வந்து வெறுங்கையுடன் திரும்புகின்றன. 1975இல் பெர்ண்ட் ஹைன்ரிக் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஏமாந்த தேனீ அந்த மலரின் தோற்றத்தை நினைவில் கொண்டு அடுத்த முறை ஒதுக்கிவிடும். மலர்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் தேனீ கற்பது தாமதப்படும். ஆகவே ஏமாற்றும் சிற்றினங்களில் வேறுபாடே பயன்தரும் பண்பு. தேர்வே அதைக் காத்துநிற்கும்.

இதற்குப் பெரிதும் காட்டப்பட்ட சான்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. மஞ்சள், செந்நீலம் என இரு நிறங்களில் பூக்கும் டாக்டிலோரைசா சம்புசினாவில் எண்ணிக்கையில் குறைந்த நிறத்துக்கே அதிகப் பலன் கிடைக்கிறது என்று 2001இல் ஒரு சோதனை காட்டியது. அந்த முடிவு பொதுவாகப் பொருந்துமா என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள். விதைகளின் உயிர்ப்புத்திறன் நிறத்துக்கு நிறம் மாறுவதே காரணமாகலாம் என்ற மாற்று விளக்கமும் வந்தது.

வெப்பமண்டலத்தில் இந்தக் கருதுகோள் அவ்வளவு நன்றாகத் தேறவில்லை. போர்த்தோ ரிக்கோவுக்கும் ஹிஸ்பானியோலாவுக்கும் இடையிலுள்ள மோனா தீவின் சைக்கிலிஸ் மோனென்சிஸ் நிறத்தில் பெரிதும் மாறுபடும் ஏமாற்று மலர். 2004இல் வெளியான ஆய்வில் நிற வேறுபாட்டுக்கும் இனப்பெருக்க வெற்றிக்கும் எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. இத்துறையின் ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்த ஜூலியேவும் ஸ்கோபெச்சேவும், மலர் வேறுபாடு காய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சோதனை ஆதரவு குறைவு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதனால் எதிர்த்திசை விளக்கம் ஒன்று வலுப்பெற்றுள்ளது. ஏமாற்றும் மலருக்குப் பூச்சி வருவதே அரிது. எந்தச் செடிக்கு வருகிறது என்பது பெரும்பாலும் வாய்ப்பைப் பொறுத்தது. அப்படியானால் எந்த வடிவத்துக்கும் நிலையான நன்மையோ நிலையான இழப்போ இல்லை; தேர்வு தளர்ந்துவிடுகிறது. ஹைன்ரிக்கின் விளக்கத்தில் வேறுபாட்டைத் தேர்வு காக்கிறது. இதில் தேர்வின்மை அதை விட்டுவைக்கிறது. இரண்டும் காட்டில் ஒரே காட்சியைத் தருவதால் வெறும் அளவைகளால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆண்டுக்கணக்கில் நீளும் சோதனை தேவை.

மூன்றாம் விடை: சிறு கூட்டங்களின் தற்செயல்

தேர்வுக்கு வெளியே நின்று பேசும் விளக்கம் மரபணு நகர்வு. சிறிய இனக்கூட்டத்தில் எந்த மரபணு வடிவம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பதை நன்மை தீமையைவிடத் தற்செயலே அதிகம் தீர்மானிக்கும். 1987இல் ஆல்வின் ஜென்ட்ரியும் டாட்சனும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளின் தொற்றுத்தாவரங்களைப் பற்றி எழுதியபோது, முகில் படியும் மலைமுகடுகளில் சிதறிய சிறு கூட்டங்கள் விரைவாகப் பிரிந்து புதிய சிற்றினங்கள் ஆகக்கூடும் என்றார்கள்.

இக்கருத்தை முழுமையாக வகுத்துச் சொன்னது ரேமண்ட் டிரம்ப்ளே, அக்கர்மேன், சிம்மர்மேன், கால்வோ ஆகியோர் 2005இல் எழுதிய நெடுங்கட்டுரை. அவர்களின் வாதம் காய்ப்பின் கணக்கிலிருந்து தொடங்குகிறது. நீலண்டும் வில்காக்கும் 1998இல் தொகுத்த தரவுகளின்படி வெப்பமண்டலத்தில் தேனில்லா ஆர்க்கிட்களின் மலர்களில் சராசரியாக 11.5 சதவீதமே காயாகின்றன; தேனுள்ளவற்றில் 24.9 சதவீதம். மிதவெப்ப நாடுகளில் இவ்விரு அளவும் கணிசமாக அதிகம். காய்த்த ஒவ்வொரு காயிலும் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் இலட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். மகரந்தம் தூளாக இல்லாமல் திரளாகச் செல்வதால் ஒரு காயின் விதைகள் அனைத்துக்கும் ஒன்றிரண்டு தந்தைகளே இருக்கக்கூடும். நூறு செடிகள் நிற்கும் கூட்டத்திலும் அடுத்த தலைமுறையை உண்டாக்குபவை மிகச் சிலவாகிவிடுகின்றன. எண்ணிக்கையில் பெரியதாகத் தெரியும் கூட்டம் மரபியல் கணக்கில் சிறியது. அத்தகைய கூட்டத்தில் தற்செயல் அவ்வப்போது ஓங்கும். இடையிடையே தேர்வு தலைகாட்டும்.

இதற்கான களம் போர்த்தோ ரிக்கோவின் லெபாந்தஸ் பேரினம். மலர் சில மில்லிமீட்டரே. செடிகள் ஆற்றோரப் பாறையிலோ பாசி படர்ந்த அடிமரத்திலோ சிறு கொத்தாக வாழ்கின்றன. அமெரிக்க வெப்பமண்டலம் முழுவதும் இப்பேரினத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பல ஒரே மலைத்தொடருக்குள் அடங்கியவை. டிரம்ப்ளேயும் அக்கர்மேனும் 2001இல் மூன்று சிற்றினங்களை ஆராய்ந்தார்கள். கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்கு வந்து சேரும் குடியேறிகளின் மதிப்பீடு இரண்டைத் தாண்டவில்லை. ஒரு கொத்து மறைவதும் வேறிடத்தில் புதிய கொத்து தோன்றுவதும் தொடர்ந்து நிகழ்கின்றன. தாங்கும் மரம் விழுந்தால் அதிலிருந்த கூட்டம் முழுவதும் போய்விடும். 1989இல் ஹியூகோ, 2017இல் மரியா எனப் போர்த்தோ ரிக்கோவைத் தாக்கிய சூறாவளிகள் இந்த நிலையாமையை இன்னும் கூட்டுகின்றன.

இவ்விளக்கத்துக்கு எதிரான சான்றுகளும் உண்டு. பிரேசிலின் பாறைமேட்டுப் புல்வெளிகளில் தனித்தனிச் சிறு கூட்டங்களாக வாழும், ஈக்களால் மகரந்தச் சேர்க்கை பெறும் ப்ளூரோதாலிஸ் சிற்றினங்களை எடுவார்டோ போர்பாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் சோதித்தார்கள். தற்செயல் ஓங்கிய சிறு கூட்டங்களில் மரபணு வேறுபாடு தேய்ந்திருக்க வேண்டும். அவர்கள் கண்டதோ உயர்ந்த வேறுபாடு. லெபாந்தஸில் கிடைத்த முடிவை எல்லாச் சிறுமலர் ஆர்க்கிட்களுக்கும் நீட்டுவது பொறுப்பாகாது.

நான்காம் விடை: காற்றில் செல்லும் தூசி விதை

ஆர்க்கிட் விதையின் எடை மைக்ரோகிராம் கணக்கில்தான் சொல்லப்படும்; ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கு. சேமித்த உணவு கிடையாது. விதையுறைக்குள் பெரும்பகுதி காற்று. 1883 வெடிப்பில் அழிந்த கிரக்கத்தோவாவில் சில பத்தாண்டுகளுக்குள் ஆர்க்கிட்கள் குடியேறியிருந்தன. ஜாவாவிலும் சுமத்ராவிலும் இருந்து பல கிலோமீட்டர் கடலைத் தாண்டியே அவை வந்திருக்க வேண்டும். மகரந்தமும் தொலைவு செல்லக்கூடும். யூக்ளோசைன் தேனீக்கள் 20 கி.மீ.க்கும் மேற்பட்ட தூரத்திலிருந்து கூடு திரும்பியதை டேனியல் ஜான்சன் 1971இல் பதிவுசெய்தார். இப்படி மரபணுக்கள் இடம்விட்டு இடம் சென்று கலப்பதே மரபணு ஓட்டம். அது வலுவாக இருந்தால் இனக்கூட்டங்கள் பிரிய முடியாது.

2012இல் ரையன் பிலிப்ஸ், கிங்ஸ்லி டிக்சன், ராட் பீக்கால் ஆகியோர் நொதிகளின் வடிவங்களைக் கொண்டு மரபணு வேறுபாட்டை அளக்கும் அல்லோசைம் ஆய்வுகளில் அதுவரை வந்தவற்றைத் தொகுத்தார்கள். இனக்கூட்டங்களுக்கிடையே எவ்வளவு மரபணு வேறுபாடு என்பதைச் சொல்லும் எஃப்எஸ்டி என்னும் அளவெண்ணின் சராசரி ஆர்க்கிட்களில் 0.146. மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ 15 சதவீதமே கூட்டங்களுக்கிடையே, மீதி கூட்டங்களுக்குள்ளேயே. பெரும்பாலான தாவரக் குடும்பங்களைவிட இது குறைவு. அரிய தரைவாழ் ஆர்க்கிட்களில் மதிப்பு சற்றுக் கூடியது. மிக உயர்ந்த மதிப்புகள் தீவுகளிலும் மலையுச்சிகளிலும் துண்டுபட்டு வாழ்பவற்றில் மட்டுமே காணப்பட்டன. தற்செயலே ஆர்க்கிட் பன்மைக்குப் பொதுக் காரணம் என்ற கருத்துக்கு இது நேரடிச் சவால்.

வெப்பமண்டலத் தனியாய்வுகள் சிலவும் இதோடு ஒத்துப்போகின்றன. டொலும்னியா வேரியகேட்டாவின் மரபணு வேறுபாட்டில் பெரும்பகுதி கூட்டங்களுக்குள்ளேயே இருப்பதை அக்கர்மேனும் வார்டும் 1999இல் காட்டினார்கள். கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் லேலியா ரூபெசென்ஸைப் பற்றி டோர்செட் டிராப்னெல்லும் ஜேம்ஸ் ஹாம்ரிக்கும் 2004இல் செய்த ஆய்வு நுட்பமானது. பசுங்கணிக மரபணு தாய்வழியாக, விதையோடு மட்டும் செல்லும். உட்கரு மரபணு விதையோடும் மகரந்தத்தோடும் செல்லும். இரண்டையும் ஒப்பிட்டால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். பல தாவரங்களில் மகரந்தத்தின் பங்கு விதையின் பங்கைப் பல மடங்கு மிஞ்சும். லேலியாவில் இடைவெளி சிறிதே. தூசி விதைகளும் மரபணுக்களைக் கணிசமாகச் சுமந்து செல்கின்றன.

ஆனால் எஃப்எஸ்டி என்பது ஓட்டத்தை நேராக அளக்கும் கருவி அல்ல. சிவால் ரைட்டின் தீவு மாதிரி, எல்லாக் கூட்டங்களும் ஒரே அளவில் நிலைத்து நெடுங்காலச் சமநிலையில் இருக்கின்றன என்று கொள்கிறது. அந்த எண்ணைக் குடியேறிகளின் எண்ணிக்கையாக மாற்றுவதில் உள்ள ஆபத்தை மைக்கேல் விட்லாக்கும் டேவிட் மெக்காலியும் 1999இல் விரிவாகச் சுட்டினார்கள். இந்தத் தடை இருதரப்புக்கும் பொருந்தும்; லெபாந்தஸின் குறைந்த ஓட்டமும் மற்றவற்றின் மிகுந்த ஓட்டமும் ஒரே கருதலின்மேல் நிற்கின்றன. அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பரவிய கூட்டங்கள், இப்போது ஓட்டமே இல்லாவிட்டாலும், ஒத்திருக்கும். பனாமா கால்வாய்க்காக உருவான காட்டுன் ஏரியின் தீவுகளில் காட்டசெட்டம் விரிடிஃப்ளேவத்தை ஆராய்ந்த கோர்ட்னி மர்ரன் 2003இல் கூட்டங்களுக்கிடையே சிறு வேறுபாடே கண்டார். தண்ணீரைத் தாண்டி மரபணு ஓடுகிறது என்று அதைப் படிக்கலாம். ஏரி தோன்றி அப்போது நூறாண்டுகூட ஆகாததால் பிரிய நேரம் போதவில்லை என்றும் படிக்கலாம்.

தோற்றமும் மரபணுவும் ஒத்துப்போகின்றனவா?

நான்கு விடைகளுக்கும் பொதுவான இடைவெளி இங்கேதான் உள்ளது. அல்லோசைம், மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) போன்ற மரபணுக் குறியீடுகள் பெரும்பாலும் தேர்வுக்கு ஆட்படாதவை. அவை கூட்டங்களின் வரலாற்றைச் சொல்கின்றன. மலரின் நிறமும் தேன்குழலின் நீளமும் வேறு மரபணுக்களின் வேலை. அவற்றில் வலுவான தேர்வு நடந்தாலும் குறியீடுகளில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆகவே குறைந்த எஃப்எஸ்டி தேர்வை மறுப்பதில்லை. மரபணு ஓட்டம் இருந்தும் பூச்சிகளின் தேர்வால் மலர்கள் பிரிந்து நிற்க இடமுண்டு.

இதைத் தீர்க்க வழி உண்டு. வெவ்வேறு கூட்டங்களின் விதைகளை ஒரே தோட்டத்தில் ஒரே சூழலில் வளர்த்தால், அப்போதும் எஞ்சும் வேறுபாடே மரபுவழியானது. அந்தப் பண்பு வேறுபாட்டைக் குறியீட்டு வேறுபாட்டோடு ஒப்பிட்டால் தேர்வா தற்செயலா என்று ஓரளவு சொல்லலாம். பண்பு வேறுபாடு மிஞ்சினால் தேர்வு. ஏறத்தாழச் சமமென்றால் தற்செயலே போதும். ஆனால் ஆர்க்கிட் விதையிலிருந்து பூப்பதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். முளைக்கப் பூஞ்சையோ செயற்கை ஊடகமோ வேண்டும். காட்டுச் செடிகளை எடுத்துவந்து வளர்த்தால் பழைய சூழலின் தடம் செடியில் தங்கியிருக்கும். இத்தடைகளால் வெப்பமண்டல ஆர்க்கிட்களில் இத்தகைய சோதனை மிக அரிது.

கலப்பும் படத்தைச் சிக்கலாக்குகிறது. பிரேசிலின் கடலோர மணற்பரப்பில் வாழும் எபிடெண்ட்ரம் ஃபுல்ஜென்ஸும் எபிடெண்ட்ரம் பூனிசியோலூட்டியமும் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வேறுபட்டவை. ஆயினும் அவை இயற்கையில் கலந்து, மரபணுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை ஃபாபியோ பினெய்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் காணும் அதிக வேறுபாடு, அந்தச் சிற்றினத்துக்குள்ளேயே தோன்றியது என்று எடுத்தவுடன் கொள்ள முடியாது.

பூஞ்சையின் பங்கு

ஆர்க்கிட் விதை பூஞ்சையின் துணையின்றிக் காட்டில் முளைப்பதில்லை என்பதை நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். நெடுங்காலம் இது உடலியல் செய்தியாகவே இருந்தது. இனக்கூட்ட ஆய்வுக்கு அதன் பொருள் அண்மையில்தான் உணரப்பட்டுள்ளது. விதை எவ்வளவு தொலைவு பறந்தாலும் விழுந்த இடத்தில் ஏற்ற பூஞ்சை இல்லையென்றால் மரபணு ஓட்டம் நிகழாது.

டுபாக் ஓட்டேரோவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் போர்த்தோ ரிக்கோவின் இரு ஆர்க்கிட்களை ஒப்பிட்டார்கள். அயனாப்சிஸ் யூட்ரிகுலாரியாய்டிஸ் நெருங்கிய உறவுள்ள சில பூஞ்சைகளையே சார்ந்திருந்தது. டொலும்னியா வேரியகேட்டா பலவற்றோடும் சேர்ந்து வாழ்ந்தது. டொலும்னியாவிலும் எந்தப் பூஞ்சையோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து விதை முளைப்பும் நாற்றின் வளர்ச்சியும் மாறுகின்றன என்று 2005இல் காட்டினார்கள். மலரை மட்டும் நோக்கிய விவாதத்துக்கு இது புதிய திசை தந்தது. தேர்வு பூவில் நிகழாமல் நாற்றுப் பருவத்திலேயே நிகழ இடமுண்டு. கோஸ்டா ரிக்காவில் எபிடெண்ட்ரம் ஃபிர்மத்தின் பூஞ்சைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் பரவலைப் பெரிய உயிர்ப்புவியல் பிரிவுகளோ சூழல் அளவைகளோ விளக்கவில்லை. பூஞ்சையின் வரைபடம் இன்னும் தெளிவாகவில்லை.

சிற்றினப் பெருக்கத்தோடு உள்ள உறவு

கூட்டங்களின் வேறுபாடே பின்னாளில் சிற்றினங்களாகிறது என்ற எண்ணம் எல்லா விடைகளிலும் அடியோடி நிற்கிறது. 2015இல் தாமஸ் கிவ்னிஷ் தலைமையிலான குழு குடும்பம் முழுவதன் மரபுவழியை ஆராய்ந்தது. மகரந்தத் திரள், மரத்தில் தொற்றி வாழ்தல், வெப்பமண்டல மலைத்தொடர்கள், வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி அல்லது யூக்ளோசைன் தேனீ வழிச் சேர்க்கை ஆகியவை பெருக்கத்தின் வேகத்தோடு தொடர்புற்றிருந்தன. ஏமாற்றும் மலர்முறை வேகத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. மலைத்தொடரின் பங்கு, துண்டுபட்ட கூட்டங்களைப் பற்றிய வாதத்துக்கு மறைமுக ஆதரவு. ஆனால் பல கோடி ஆண்டுகளின் தடத்திலிருந்து இன்றைய கூட்டத்தில் நடப்பதை நேராகப் படிக்க முடியாது.

பாதுகாப்புக்கு இதனால் என்ன?

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அழிந்த கூட்டங்களை மீட்க நாற்றுகளை நடும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. எங்கிருந்து எடுத்த விதையை எங்கே நடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு விளக்கமும் வேறு விடை தருகிறது. மரபணு ஓட்டம் மிகுதி என்றால் ஒரு பெரிய கூட்டத்தின் விதையே போதும். கூட்டங்கள் உள்ளூர்ப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பொருந்தியவை என்றால் வெளி விதை தீங்காகலாம். தற்செயல் ஓங்கிய சிறு கூட்டம் என்றால் வெளி விதையே அதைக் காப்பாற்றக்கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இது பொருந்தும். அகத்தியமலைப் பகுதிக்கு மட்டுமே உரிய பாஃபியோபெடிலம் துரூரியை 1874இல் பெட்டோம் விவரித்தார். தென்னிந்தியத் தீபகற்பத்தில் இப்பேரினத்தின் ஒரே சிற்றினம் அது. சேகரிப்பாளர்களால் பெரிதும் குறைந்துபோனது. ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவோ இதற்கு மறுமுனை. இம்மலைகளில் தொடங்கி வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. ஒன்றுக்குப் பொருந்தும் நெறி மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை. சோலைக்காட்டுப் பறவைகள் சிலவற்றைப் பாலக்காட்டுக் கணவாய் மரபணு அளவில் பிரித்துவைத்திருப்பது தெரிந்ததே. பறவை தாண்டாத கணவாயைத் தூசி விதை தாண்டுகிறதா என்பது இங்கே செய்து பார்க்கத்தக்க ஆய்வு.

மதிப்பீடு

இதுவரை சேர்ந்த சான்றுகள் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்ல விடுகின்றன. பரவலான ஆர்க்கிட்களில் மரபணு வேறுபாட்டின் பெரும்பங்கு கூட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. தீவிலும் மலையுச்சியிலும் துண்டுபட்டவற்றில் கூட்டங்கள் கணிசமாகப் பிரிந்திருக்கின்றன. புறத்தோற்றம் மட்டுமோ குறியீட்டு எண் மட்டுமோ மற்றதற்கு ஈடாகாது. ஏமாற்றும் மலர்களின் வேறுபாட்டைத் தேர்வு காக்கிறது என்ற கருதுகோள், அழகாக இருந்தும், வெப்பமண்டலத்தில் போதிய ஆதரவு பெறவில்லை.

திறந்திருப்பவை பல. மலரில் காணும் வேறுபாட்டில் மரபுவழியானது எவ்வளவு, சூழலால் வந்தது எவ்வளவு என்பது பெரும்பாலான சிற்றினங்களில் அளக்கப்படவில்லை. பறந்து செல்லும் விதைகளில் எத்தனை முளைக்கின்றன என்பதைப் பூஞ்சைகளோடு சேர்த்து அறிய வேண்டும். முழு மரபணுத்தொகுதியைப் படிக்கும் இன்றைய முறைகள் தேர்வுக்கு உள்ளான மரபணுக்களைத் தனியே காட்டக்கூடும். ஆனால் அவையும் ஒரே தோட்டச் சோதனைக்கு மாற்றாகா.

தேர்வா, தற்செயலா, ஓட்டமா என்று குடும்பம் முழுவதற்கும் ஒரே விடை தேடுவதை இனி விட்டுவிடலாம். எந்தச் சிற்றினத்தில், எந்தப் பரப்பளவில், எந்தப் பண்பில் எது ஓங்குகிறது என்பதே பயனுள்ள கேள்வி. அதற்கு விடை காண, கூட்டங்கள் அழியுமுன் அவற்றின் விதையும் பூஞ்சையும் இடக்குறிப்போடு சேமிக்கப்பட வேண்டும். நாற்றுப்பண்ணைகளும் தாவரவியல் தோட்டங்களும் ஒவ்வொரு செடியும் எந்த மலையின் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். மூலம் தெரியாத செடியைக் காட்டில் நடுவது மீட்பு ஆகாது.